எழுதிச் சாப்பிடுவதா, நிதானமாகச் சாப்பிடுவதா?

அளவுக்கு மீறிச் சாப்பிடுவதைக் குறைக்க, சாப்பிட்டதைக் கொப்பியில் எழுதிவருவதா, அவசரமில்லாமல் மெல்லச் சாப்பிடுவதா, எது உதவும் என்று இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து உறவினர் இருவர் கேட்டார்கள்.

செலவு: எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும். நிதானத்துக்கு அதுவும் வேண்டாம்.

எளிமை: மழைக்குளிரில் தேத்தண்ணியும் ரொட்டியும் கைக்கு வந்தால் நிதானம் பறந்துவிடும். கொப்பி அப்படியல்ல. சாப்பிட்டதோடு, அப்போது பசியா, கவலையா, சலிப்பா என்றும் எழுதுங்கள். எது தூண்டுகிறது என்று சில வாரங்களில் பிடிபடும். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலும் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள்.

நிலைப்பு: எழுதுவது அலுக்கும், மெல்லச் சாப்பிடப் பழகினால் தங்கும்.

கவலையில் தின்பவருக்குக் கொப்பி. அவசரமாக விழுங்கிவிட்டுத் தேயிலை மலைக்கு வேலைக்கு ஓடுபவருக்கு நிதானம். கட்டுப்பாடின்றித் தின்று, வாந்தியும் எடுப்பவர் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே பணம் கேட்கமாட்டார்கள்.