இரட்டைப் பெருந்தமனி வளைவுக்குச் சிகிச்சை: ஒரு குழந்தைகள் இதயப் பிரிவு குறித்து

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவில் என் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளைத்துக்கொண்டு பின்புறம் மீண்டும் ஒன்றுசேர்வதே அவளுக்கிருந்த பிறவிக் குறை. மூச்சில் எழுந்த கரகரப்பை வீசிங் என்று சொல்லி, வேறோரிடத்தில் நெபுலைசர் எழுதித் தந்திருந்தார்கள். இந்தப் பிரிவின் மருத்துவரோ, பால் குடிக்கும்போது சத்தம் கூடுகிறதா, கெட்டியான உணவு கொடுத்தால் திணறுகிறாளா என்றுதான் முதலில் கேட்டார். எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனைக்குப் பிறகு, மூச்சுக்குழாய் எந்த இடத்தில் எவ்வளவு நெரிபடுகிறது என்பதை அறிய, சாயம் செலுத்தி சிடி ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தைத் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டி விளக்கினார். இந்தப் பிரிவின் பெரிய பலம் இந்தச் சந்தேகப்படும் திறமைதான் என்பேன்.

இந்தக் குறைக்கு 1945இல் அமெரிக்காவின் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ் செய்து காட்டிய சிகிச்சையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. பெரும்பாலும் இடப்பக்க விலா எலும்புகளுக்கிடையே திறந்து, இரு வளைவுகளில் சிறியதைக் கவ்வியால் சிறிது நேரம் பிடித்து, நாடித்துடிப்பு எங்கும் குறையவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதைத் துண்டித்து முனைகளைத் தைக்கிறார்கள். இதய-நுரையீரல் இயந்திரம் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. குரல்வளைக்குச் செல்லும் நரம்பு அருகிலேயே ஓடுவதால் குரல் கம்மக்கூடும், நெஞ்சுக்குள் நிணநீர் கசியக்கூடும் என்பதையெல்லாம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன்பே பொறுமையாகச் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் அந்தப் பொறுமை காணாமல் போனது. நெடுநாள் நெரிபட்ட மூச்சுக்குழாயின் சுவர் தளர்ந்திருக்கும், அது உறுதிப்படும்வரை பல மாதங்களுக்குக் கரகரப்பு தொடரலாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக இருந்தது. சத்தம் நிற்காததைக் கண்டு, சிகிச்சை பலிக்கவில்லையோ என்று பதறி நள்ளிரவில் பணி மருத்துவரை அழைத்தபோதுதான் விவரம் தெரிந்தது. எந்த மாதிரி மூச்சுத் திணறலுக்கு உடனே வர வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தர அதிகச் செலவாகாது.

கட்டணத்திலும் ஒரு விஷயம். முதலில் தந்த மதிப்பீட்டில் சிடி ஸ்கேனும், 22ஆம் குரோமோசோம் குறைபாட்டுக்கான மரபணுச் சோதனையும் சேர்க்கப்படவில்லை. பெருந்தமனி வளைவில் குறையுள்ள குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பது வழக்கம் என்பதால், இரண்டின் தொகையையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.