பூனையின் இதயத்தில் கட்டியா? எக்ஸ்ரே, எக்கோ, சி.டி., ஊசி நீர்: எதை முதலில் செய்வது

எங்கள் பூனை மீனுவுக்கு ஏழு வயது. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடிப்படிதான் அவளுடைய ராஜ்ஜியம். போன ஆடி மாதம் ஒரு நாள் மூன்று படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள். நாய் அப்படி விட்டால் பெரும்பாலும் வெயில்தான் காரணம். பூனை விட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

போனோம். முதலில் பார்த்த கிளினிக்கில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்துமா என்று சொல்லி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. ஊசிக்கு முன்னால் ஒரு எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட், எடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பூனைக்கு இதயக் கட்டி வருவது மிக அரிது. பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் பெரும்பாலானது தசை தடித்துப் போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமையோபதிதான். 100 பூனைகளைப் பரிசோதித்தால் சுமார் 15-க்கு அது இருக்கும். அதனால் டாக்டர் முதலில் கட்டியை நினைக்காததில் தப்பில்லை. ஆனால் பூனையின் இதயத்தில் கட்டி என்று வந்தால், அது அதிகமும் லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய்தான். வேறிடத்தில் தொடங்கி இதயத்தையும் பிடித்துக்கொள்ளும். நாய்களுக்கு வலது மேலறையில் வரும் ரத்தநாளப் புற்றுநோய்தான் முதலிடம். நாய் வளர்த்தவர்கள் அந்த அனுபவத்தைப் பூனைக்குப் பொருத்திப் பார்த்தால் வழி தவறிவிடும். லிம்போமா சில சமயம் கட்டியாகத் திரளாமல் இதயச் சுவரிலேயே பரவிப் படியும். அப்போது பார்வைக்கு அது அந்தத் தசை நோயைப் போலவே இருக்கும்.

சரி, பரிசோதனைகளுக்கு வருவோம்.

எக்ஸ்ரே எல்லா இடத்திலும் கிடைக்கும், செலவும் குறைவு. நுரையீரலைச் சுற்றி நீர் இருக்கிறதா, இதயத்தின் நிழல் பந்து மாதிரி உருண்டிருக்கிறதா என்று காட்டும். ஆனால் நீர், தசை, கட்டி மூன்றும் படத்தில் ஒரே சாம்பல் நிறம்தான். உருண்ட நிழலுக்குள் இருப்பது எது என்று அது சொல்லாது. இன்னொன்று, மூச்சுத் திணறும் பூனையைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துப் படம் எடுப்பதே ஆபத்து. மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. இரண்டாவதாகப் போன கிளினிக்கில் மீனுவை முதலில் ஆக்ஸிஜன் கூண்டுக்குள் வைத்தார்கள். "முதல்ல மூச்சு நிதானமாகட்டும்மா, படம் எங்கேயும் ஓடிப் போகாது" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

எக்கோவின் பெரிய பலம் இங்கேதான். பூனை குந்தியிருக்கும்போதே, கூண்டுக்குப் பக்கத்திலேயே, விலா ஓரத்தில் கருவியை வைத்துப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். இதய உறைக்குள் நீர் இருக்கிறதா, அது இதயத்தை நெரிக்கிறதா, சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, அறைக்குள் ஏதாவது திரள் இருக்கிறதா என்று எல்லாம் ஓடும் படமாகத் தெரியும். பலவீனமும் உண்டு. அது பார்க்கிறவரின் கையையும் கண்ணையும் நம்பியது. பூனை இதய எக்கோவில் பழகியவர் பார்த்தால் ஒரு முடிவு வரும், அவசரத்துக்குப் பார்த்தவரிடம் வேறு முடிவு வரலாம். இடது மேலறையில் தெரிவது கட்டியா, உறைந்த ரத்தமா என்பதிலும் குழப்பம் வரும். மேலறை வீங்கி, ரத்தம் புகை மாதிரிச் சுழன்றுகொண்டிருந்தால் ரத்தக்கட்டியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். பின்னங்கால்கள் திடீரென்று செயலிழப்பதும் அந்த ரத்தக்கட்டி கிளம்பிப் போய் அடைத்துக்கொள்வதால்தான்.

ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி என்று ஒரு சோதனை உண்டு. மூச்சுத் திணறலுக்குக் காரணம் இதயமா, ஆஸ்துமா போன்ற நுரையீரல் கோளாறா என்று பிரிக்க உதவும். எங்களுக்கு முதல் நாளே தேவைப்பட்டது அதுதான். ஆனால் அந்த எண் எவ்வளவு உயர்ந்தாலும் கட்டி என்று சொல்லாது. ஈ.சி.ஜி.யும் அப்படியே, துடிப்பின் ஒழுங்கைத்தான் காட்டும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: நேராக சி.டி. எடுத்துவிடலாமே? என் அண்ணனும் இதைத்தான் கேட்டான். பெரிய மெஷின் என்றால் நல்ல பதில் என்று நினைப்பது இயல்புதான். சி.டி.க்கு அதற்கான இடமும் உண்டு. பெருந்தமனி கிளம்பும் இடத்தில், அதாவது இதயத்தின் மேற்பகுதியில் இருக்கும் கட்டியை நுரையீரல் காற்று எக்கோவில் மறைத்துவிடும், சி.டி. அதைக் காட்டும். நுரையீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருக்கிறதா என்பதையும் ஒரே தடவையில் பார்க்கலாம். ரத்த நாளத்தில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால், கட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும், உறைந்த ரத்தம் பெரும்பாலும் உறிஞ்சாது. அந்தக் குழப்பமும் தீரும். ஆனால் பூனையின் இதயம் நிமிடத்துக்கு 140 முதல் 220 தடவை துடிக்கும். துடிப்போடு ஒத்திசைத்துப் படமெடுக்கும் வசதி இல்லையென்றால் படம் கலங்கிவிடும். மயக்கமோ ஆழ்ந்த தூக்க மருந்தோ வேண்டும். நெஞ்சில் நீர் நிறைந்த பூனைக்கு அதுதான் பெரிய ஆபத்து. எக்கோவைவிடச் செலவும் பல மடங்கு. எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் நீண்ட மயக்கம் வேண்டும், மீனு போன்ற பூனைக்கு அதை நான் யோசிக்கவே மாட்டேன்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது ஊசி நீர், அதாவது ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. நெஞ்சில் சேர்ந்த நீரை எடுத்தால் பூனைக்கு அப்போதே மூச்சு எளிதாகும், பரிசோதனைக்கும் கிடைக்கும். ஒரே ஊசியில் சிகிச்சையும் விடையும். லிம்போமா செல்கள் நீருக்குள் எளிதாக உதிரும், அதனால் மைக்ராஸ்கோப்பிலேயே பிடிபட வாய்ப்பு அதிகம். மற்ற கட்டிகளுக்கு இது அவ்வளவு கைகொடுக்காது. ரத்தநாளப் புற்றுநோய் செல்கள் நீரில் கிடைப்பது அரிது. எரிச்சலடைந்த சாதாரணச் சவ்வுச் செல்களே புற்றுநோய் போலத் தோற்றம் தருவதும் உண்டு. இதயச் சுவரிலேயே ஊசி குத்தி மாதிரி எடுப்பது மிகவும் ஆபத்து, கடைசி வழி.

நீர் எடுத்தாலே கட்டி என்றும் நினைக்கக் கூடாது. பூனையின் இதய உறையில் நீர் சேர அதிகமும் காரணம் இதயச் செயலிழப்புதான். எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோயும் ஒரு காரணம், அதில் நீர் மஞ்சளாக, பிசுபிசுப்பாக வரும்.

ஸ்டீராய்டு கதைக்கு வருகிறேன். லிம்போமா செல்களை ஸ்டீராய்டு கொன்று, கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும். பூனை தேறியதுபோல இருக்கும், மாதிரியில் செல்கள் சிதைந்து கிடக்கும். மீனுவின் முதல் மாதிரி அப்படித்தான் வந்தது: "முடிவு சொல்ல இயலவில்லை." இரண்டு வாரம் கழித்து நீர் மறுபடி சேர்ந்தபோதுதான் லிம்போமா என்று உறுதியானது. வீணாய்ப் போன அந்த இரண்டு வாரம் அவளுடையது.

மாதிரி எடுக்கும்போது ஒரு சின்ன விஷயம் கேளுங்கள். செல் பார்க்கும் நீரை ஊதா மூடிக் குழாயில் போட்டு, அங்கேயே ஒரு கண்ணாடித் தகட்டிலும் பூசி உலர்த்தச் சொல்லுங்கள். குழாய் நகரத்தைக் கடந்து லேபுக்குப் போவதற்குள் செல்கள் சிதைந்துவிடும், தகட்டில் இருப்பவை நிற்கும். கூடவே ஃபெலைன் லுகேமியா வைரஸ் ரத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். பூனைகளின் லிம்போமாவில் அந்த வைரஸுக்குப் பங்கு உண்டு.

எனவே என் வரிசை இது: ஆக்ஸிஜன், எக்கோ, நீர் இருந்தால் ஊசி, அப்புறம்தான் ஸ்டீராய்டு. எக்கோவில் திரள் தெரிந்து நீரில் விடை கிடைக்காவிட்டால், அதுவும் பூனை மயக்கத்தைத் தாங்கும் என்றால், சி.டி. பார்க்கலாம். சி.டி.யின் பதில் நாம் செய்யப்போகும் சிகிச்சையை மாற்றாது என்றால் நான் எடுக்க மாட்டேன். மீனுவுக்கு எடுக்கவில்லை. கீமோ கொடுத்தோம், தை வரைக்கும் இருந்தாள். தூங்கும்போது அவளுடைய மூச்சை அம்மாவும் நானும் மாறி மாறி எண்ணிக் காலண்டரில் எழுதி வந்தோம். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் டாக்டருக்கு ஃபோன். அந்தக் காலண்டர் இன்னும் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.