நாலு வருஷமாக ஒரே போன்: உழைக்க ஆரம்பித்தது எப்போது?

2021 கடைசியில் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கிய போன் இது. 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். வெளியே எடுத்தாலே தங்கச்சி மகன் சிரிக்கிறான். முதல் ஒன்றரை வருஷம் வாட்ஸ்அப்பும் வீடியோவுமாகவே போனது. அப்புறம் ஒருநாள் ஸ்டோரேஜ் நிரம்பி, போட்டோகூட எடுக்க முடியாமல் நின்றுவிட்டது. அந்தக் கோபத்தில் உட்கார்ந்து இருபதுக்கு மேல் ஆப்களைத் தூக்கினேன். முதல் பக்கத்தில் போன், கேமரா, பணம் அனுப்பும் ஆப், கேலண்டர் நாலு மட்டும். இது எனக்கு உழைக்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

எங்கள் நிலம் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே. வீட்டிலிருந்து போர்வெல்லுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டதா என்று பார்க்க ராத்திரியில் டார்ச்சோடு போக வேண்டும். பாம்புக்குப் பயம், சில மாதங்களில் யானைக்கும் பயம். அதனால் மொபைல் ஸ்டார்ட்டர் போட்டோம். பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். கரண்ட் வந்தால் அதுவே கூப்பிடும், நாம் 1-ஐ அழுத்தினால் மோட்டார் ஓடும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் தானே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லும்.

இதற்குப் பட்டன் போனே போதுமே என்பீர்கள். போதும்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு எந்த அழைப்புக்கு எழுந்திருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பட்டன் போனுக்குத் தெரியாது. இதில் மோட்டார் நம்பரை ஸ்டார் போட்டு வைத்து, 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் ஸ்டார் போட்டவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். தனி ரிங்டோன் வேறு. மற்ற எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு அடங்கிவிடும்.

இதில் ஒரு பாடமும் கற்றேன். போன வருஷம் சித்திரையில் மூன்று நாள் மோட்டார் கூப்பிடவே இல்லை. கரண்ட் பிரச்சினை என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். போய்ப் பார்த்தால் தக்காளி நாற்று தலை தொங்கிக் கிடக்கிறது. பெட்டிக்குள் இருந்த சிம்முக்கு வேலிடிட்டி முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது முடிவதற்கு நாலு நாள் முன்னும் ஒரு நாள் முன்னும் கேலண்டர் நினைவூட்டுகிறது. டிராக்டர் இன்சூரன்ஸ், அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீரும் தேதி எல்லாம் அதே கேலண்டரில்தான்.

அடுத்தது மண்டிச் சீட்டு. காய் இறக்கியதும் பென்சிலில் கிறுக்கித் தருவார்கள். சட்டைப் பையில் வேர்வையில் ஊறினால் 3-ஆ 8-ஆ தெரியாது. டீசல் பில் இன்னும் மோசம், வெயிலில் வைத்தால் எழுத்தே மறைந்துவிடும். இப்போது சீட்டு கைக்கு வந்த இடத்திலேயே, பெட்டிகளும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். ஒருமுறை கணக்குத் தீர்க்கும்போது 31 பெட்டி என்றார்கள். "ண்ணா, 37 போட்டிருக்கேன், பாருங்க" என்று போட்டோவைக் காட்டினேன். மண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பையன் தப்பா ஏத்திட்டான்பா" என்று நோட்டில் திருத்தினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆறு பெட்டிக் காசு வந்தது.

பட்டா எடுக்கத் தாலுகா ஆபீஸ் போவதும் நின்றது. அரசின் இணையதளத்தில் சர்வே எண் போட்டு இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஒத்துவராதது தமிழில் பேசி டைப் செய்வது. மெதுவாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், லாரிக்காரரிடம் கன்னடம். மூன்றும் கலந்து வரும் பேச்சைக் கேட்டு அது திணறுகிறது. 'நாத்து' என்றால் 'நேத்து' என்று எழுதுகிறது. அவசரத்துக்கு வாய்ஸ் மெசேஜ்தான்.

பேட்டரி மூன்றாம் வருஷம் உப்பி, பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். பைக் ஹேண்டிலில் ஸ்டாண்டு மாட்டி, உச்சி வெயிலில் மேப்பைப் போட்டுக்கொண்டு சார்ஜும் ஏற்றியபடி ஒகேனக்கல் வரை போயிருக்கிறேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. அன்றே மாற்றினேன், ஆயிரத்து இருநூறு ஆனது. பைக் அதிர்வு கேமராவையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் தன் போன்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. என் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் எம்மாத்திரம்? ஸ்டாண்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். இப்போது மேப்பை முதல்நாளே வைஃபையில் இறக்கிக்கொண்டு, போனைப் பையில் போட்டு, வழியைக் காதில் கேட்டுக்கொண்டு போகிறேன்.

குறை ஒன்று உண்டு. பாதுகாப்பு அப்டேட் வருவது நின்று எட்டு மாதம் ஆகிறது. அதனால் பெரிய தொகை இருக்கும் வங்கிக் கணக்கை இதிலிருந்து எடுத்துவிட்டேன். சந்தைச் செலவுக்கான சின்னக் கணக்கு மட்டும் இருக்கிறது. புதுசு வாங்கினால் இது அம்மாவுக்கு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் என் படம், தங்கச்சி படம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் படம் என்று மூன்றைத் திரையில் பெரிதாக வைத்துக் காட்டினேன். தொட்டால் நேராக அழைப்பு போகும். இரண்டு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "நாலாவதா அந்த மோட்டார் படத்தையும் வைடா. நீ தூங்கிட்டா நான் போட்டுக்கிறேன்."