சாகோஸ்: 1982இன் கைநாட்டும் 2025இன் கையெழுத்தும்

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பற்றி லண்டனும் நம் மொரிசியஸின் தலைநகர் போர்ட் லூயியும் பேசி முடித்த ஒப்பந்தங்களில் 1982, 2025 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு முறையும் ஒப்பந்தம் போட்டது அரசுகள், அதில் ஒரு தரப்பாகத் தீவுக்காரர்கள் இல்லை.

1982 ஒப்பந்தம் தெருவில் பிறந்தது. டியாகோ கார்சியா என்ற பெரிய தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க, 1967 முதல் 1973 வரை பிரிட்டன் சாகோஸிலிருந்து அப்புறப்படுத்திய மக்கள் போர்ட் லூயியின் குடிசைகளில் கிடந்தார்கள். ஷார்லேசியா அலெக்சிஸ், லிசெத் தலாத் போன்ற பெண்கள்தான் பட்டினி கிடந்தார்கள், ஊர்வலம் போனார்கள், கைதானார்கள். அவர்கள் இறங்கியிருக்காவிட்டால் பிரிட்டன் அந்த 40 லட்சம் பவுண்டைக் கொடுத்திருக்காது.

ஆனால் பணத்தோடு ஒரு காகிதமும் வந்தது, ஆங்கிலச் சட்ட நடையில். க்ரியோல் மட்டுமே பேசத் தெரிந்த, எழுத்தறியாத பலர் பெருவிரலை மையில் தொட்டு அதில் வைத்தார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதம் அது என்று பின்னால்தான் அவர்களுக்குப் புரிந்தது. படிக்கத் தெரியாத ஒப்பந்தத்தை நம்பிக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள், மொரிசியஸ் தமிழர்கள் நாம். இந்தக் கைநாட்டு எனக்கு நெஞ்சில் தைக்கிறது.

2025 மே 22 உடன்படிக்கை வந்த வழி வேறு. மொரிசியஸிடமிருந்து பிரிட்டன் சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரிசியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை 6. அப்புறம் 2022இல் பேச்சு தொடங்கியது. உடன்படிக்கை சொல்வது: தீவுகள் மொரிசியஸுக்கு, டியாகோ கார்சியா ராணுவத் தளம் 99 ஆண்டுக்குப் பிரிட்டனுக்கு, சாகோஸ் மக்களுக்கு 4 கோடி பவுண்டு நிதி. மற்ற தீவுகளில் குடியேறலாம், டியாகோ கார்சியாவில் கூடாது. 2021இல் படகில் வந்து சேர்ந்த நம் ஈழத் தமிழர்களை அங்கே மூன்று ஆண்டு கூடாரத்தில் அடைத்து வைக்க இடம் இருந்தது. அங்கேயே பிறந்தவர்களுக்கு இல்லையா?

கையெழுத்தாகும் நாளிலேயே, அந்தத் தீவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். சில மணி நேரத்தில் தடை நீங்கியது. இங்கே மொரிசியஸில் ஒலிவியே பாங்கூல் தலைமையிலான சாகோஸ் அகதிகள் அமைப்பு உடன்படிக்கையை ஆதரிக்கிறது. பிரிட்டனில் வாழும் பலருக்கு மொரிசியஸ் மேலேயே நம்பிக்கை இல்லை. அதில் நியாயம் இருக்கிறது: 1972இல் பிரிட்டன் இவர்களுக்கென்று தந்த 6,50,000 பவுண்டு, 1977 வரை நம் அரசின் கையிலேயே கிடந்தது.

என்னைக் கேட்டால் 2025தான் மேல். இந்த முறை யாருடைய பெருவிரலையும் மையில் தொட வைக்கவில்லை, சாகோஸின் மற்ற தீவுகளான பெரோஸ் பன்யோஸுக்கும் சாலமனுக்கும் போக வழி பிறந்திருக்கிறது. ஆனால் அந்த 4 கோடியை 1972 பணம் போல ஆறப்போடக் கூடாது. அதன் கணக்கை ஆண்டுதோறும் அந்த மக்கள் முன்னால் க்ரியோலில் வாசித்துக் காட்ட வேண்டும்.