இன்குபேட்டர் வாங்கப் போறவங்க முதல்ல பெட்டியக் கழட்டிப் பாருங்க

ஆரையம்பதியில எங்கட அம்மா நாட்டுக்கோழி வளக்குறா, அடைக்கு வைக்கிற கோழி ஒண்டும் ஒழுங்கா இருக்குதில்ல எண்டு கவலப்பட்டுக்கிட்டே இருந்ததால கல்முனைப் பக்கம் வீட்டுலயே இன்குபேட்டர் செஞ்சி விக்கிற ஒராள்ட்ட 14,500 ரூபாய்க்கு ஒண்டு வாங்கிக் குடுத்தன். ரெஜிபோம் பெட்டி, 40 வாட்ஸ் குண்டு பல்ப் ரெண்டு, சின்னக் காத்தாடி, சூட்ட 37.5ல வைக்கிற டிஜிட்டல் மீட்டர், ஈரப்பதத்துக்கு கீழ ஒரு தண்ணித் தட்டு. "பல்பத் தவிர மற்றதெல்லாம் வெறும் 12 வோல்ட்தான் தம்பி, புள்ளைகள் தொட்டாலும் பயமில்ல" எண்டு மல்டிமீட்டர வச்சி 12 எண்டு காட்டினாரு. கண்ணால பாத்தா நம்பாம என்ன செய்ற.

ஒம்பதாம் நாள் விடியக்காலம தட்டுக்கு தண்ணி ஊத்தப் போன அம்மா "ஐயோ மனே" எண்டு கத்தின சத்தமும் ட்ரிப் சுவிட்ச் விழுந்த சத்தமும் ஒண்டாத்தான் கேட்டிச்சி. ஓடிப்போய்ப் பாத்தா தரையில இருக்கிறா, கை நடுங்குது, பேச்சு வருதில்ல. கறண்ட் வெளிய கசிஞ்சா உடன விழுற அந்த 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போன வருசம்தான் போட்டது. பழைய பியூஸ் மட்டும் இருந்திருந்தா அது அசைஞ்சிருக்காது, ஏனெண்டா பியூஸ் எரியிறதுக்கு அம்பியர் கணக்குல கறண்ட் ஓடணும், மனிசன் சாகிறதுக்கு அதுல கொஞ்சூண்டு போதும். எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுது.

மச்சான் வந்து பெட்டியக் கழட்டினாரு. உள்ள அடாப்டரே இல்ல. மெயின்ஸ் (230 வோல்ட் வீட்டுக் கறண்ட்) வயர் ஒண்டு 2.2 மைக்ரோபரட் கப்பாசிட்டர் ஒண்டுக்குப் போகுது, பிறகு நாலு டயோட், வோல்ட் 12க்கு மேல ஏறாமப் பிடிக்கிற ஒரு செனர், அவ்வளவுதான், மெயின்ஸயும் 12ஐயும் பிரிச்சி வைக்கிற ட்ரான்ஸ்போமர் கிடையாது, பியூஸும் கிடையாது. இப்பிடிச் செஞ்சா ரெண்டு வயருக்கு நடுவுல மீட்டர் வச்சா 12தான் காட்டும், அதுல பொய்யில்ல, ஆனா அந்த 12 வோல்ட் 230ல இருந்து பிரிக்கப்படவே இல்ல, வெறுங்காலோட நிண்டு அதுல ஒரு வயரத் தொட்டா முழு மெயின்ஸ் கறண்டும் வரலாம். சூடு பாக்கிற சென்சர்ட வயர வித்தவரு நடுவுல முறுக்கி டேப் சுத்தி விட்டிருந்தாரு, அந்த மூட்டு தண்ணித் தட்டுக்குள்ள கிடந்திச்சி.

அப்ப எட்டு நாளும் ஏன் அடிக்கல்ல எண்டு நானும் கேட்டன். பிளக் ரெண்டு பின், எப்பிடியும் குத்தலாம். ஒரு பக்கம் குத்தினா அந்த சர்க்கிட் நியூட்ரலோட நிக்கும், திருப்பிக் குத்தினா லைனோட, அதாவது அடிக்கிற வயரோட நிக்கும். முந்தின நாள் கூட்டித் துடைக்கக்குள்ள கழட்டித் திரும்பக் குத்தினது நான்தான். பிளக்க இழுத்த பிறகும் மச்சான்ட விரல்ல ஒரு அடி விழுந்திச்சி, கப்பாசிட்டர்ல தங்கின சார்ஜ இறக்குறதுக்கு பக்கத்துல ஒரு ரெசிஸ்டர் கூட அந்தாள் போடல்ல. கப்பாசிட்டரும் மெயின்ஸுக்கெண்டு செய்ற எக்ஸ்2 இல்ல, சும்மா 400 வோல்ட் எண்டு போட்ட சாமான்.

வித்தவருக்கு கோல் எடுத்துச் சொன்னா "ஈரக்கையால தொட்டா எதுவும் அடிக்கும்தானே தம்பி, அம்மாவக் கவனமா இருக்கச் சொல்லுங்க" எண்டாரு. காசி திருப்பித் தர ஏலாதாம். அடுத்த நாள் என்ட நம்பர புளொக் பண்ணிட்டாரு. ஒரு அடாப்டர்ட காசிய மிச்சம் பிடிக்க அம்மாட உசிரோட விளையாடின மனிசன் இப்பவும் அதே பெட்டிய வித்துக்கிட்டுத்தான் இரிக்காரு.

வாங்கிறவங்க மூடியக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மூடின 12 வோல்ட் அடாப்டர் ஒண்டு தனியா இருக்கணும், தட்டு உலோகம் எண்டா எர்த் வயர் பூட்டி மூணு பின் பிளக் இருக்கணும். மீட்டர்ல 12 காட்டினா நம்பாதீங்க. கழட்டிக் காட்டமாட்டன் எண்டா காசிய வெளிய எடுக்காதீங்க.

முட்டைகள பக்கத்து வீட்டு அடைகோழிக்கு வச்சிட்டம். இப்பிடி ஒரு பெட்டி ஏற்கனவே வீட்டுல இரிக்கிறவங்க இப்பவே மெயின்ஸ்ல இருந்து கழட்டுங்க, பிளக்க இழுத்துட்டு உடன கைய உள்ள போடாதீங்க. ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பக்கம் எண்டா எனக்கு மெசேஜ் போடுங்க, மச்சானக் கூட்டிக்கிட்டு வந்து கழட்டிப் பாத்துத் தாறன், காசி ஒண்டும் வேணாம்.