கொழுப்பைத் தடுக்கும் கேப்சூல், வார ஊசி, மூலிகைப் பொடி: வடசென்னைச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?

தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ இருக்கும் ஒருவர் உடல் எடையைக் குறைக்க வழி கேட்டால், இன்று அவருக்கு மூன்று பதில்கள் கிடைக்கின்றன. உணவிலுள்ள கொழுப்பு உடலில் சேராமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் என்ற கேப்சூல் ஒன்று. பசியையே அடக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசிகள் இன்னொன்று. தெரிந்தவர்கள் மூலமும் வாட்ஸ்அப் மூலமும் கைமாறும், 'பக்க விளைவே இல்லை' என்ற உறுதியோடு வரும் பொடிகள் மூன்றாவது. பெரும்பாலோர் இவற்றை விலையையும் வேகத்தையும் வைத்தே எடைபோடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன்: உங்கள் எடை எண்ணெயால் ஏறியதா, சோற்றாலும் சர்க்கரையாலும் ஏறியதா?

இக்கேள்வி முக்கியமாவதற்குக் காரணம் ஆர்லிஸ்டாட் வேலை செய்யும் விதம்தான். நாம் உண்ணும் கொழுப்பைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ள முடியாது; லைபேஸ் என்ற நொதி அதைச் சிறு கூறுகளாக உடைத்துத் தர வேண்டும். ஆர்லிஸ்டாட் இரைப்பையிலும் குடலிலும் அந்த நொதியை முடக்கிவிடுவதால், உடைபடாத கொழுப்பு மலத்தோடு வெளியேறுகிறது. 120 மி.கி. கேப்சூலை வேளைக்கு ஒன்றாக மூன்று வேளை எடுத்துக்கொண்டால், உணவுக் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் இவ்வாறு தடுக்கப்படுகிறது. மருந்து ரத்தத்தில் மிகச் சொற்பமாகவே கலக்கிறது; பசியைக் குறைப்பதில்லை; ஏற்கெனவே இடுப்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பை நேரடியாகக் கரைப்பதும் இல்லை. மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அது தொடுவதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 60 கிராம் கொழுப்பு உண்கிறார் என்றால், அதில் 18 கிராம் தடுக்கப்படும். அதாவது சுமார் 160 கலோரி. அது ஒரு சிறிய கிண்ணம் சோற்றின் அளவுதான். மதியம் இரண்டு தட்டுச் சோறும் நாள் முழுவதும் சர்க்கரை போட்ட டீயும் குடித்து எடை ஏறியவருக்கு, இந்தக் கேப்சூல் தடுப்பதற்கு அவர் தட்டில் அதிகம் எதுவும் இல்லை. மாறாக, நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், எண்ணெய் வழியாக மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 கிராம் கொழுப்பு உள்ளே போகிறது. தேங்காய், பால், வெளியில் வாங்கும் வடை, பஜ்ஜி எல்லாம் அதற்கு மேல். அத்தகைய வீட்டில் கேப்சூலுக்கு வேலை உண்டு; ஆனால் அதே வீட்டில்தான் அது அதிகத் தொல்லையும் கொடுக்கும்.

இந்தத் தொல்லையை அரைகுறையாகச் சொல்லி விட்டுவிடுவது நல்லதல்ல. தடுக்கப்பட்ட கொழுப்பு எண்ணெயாகவே வெளியே வருகிறது. காற்றுப் பிரியும்போது உள்ளாடையில் எண்ணெய்க் கறை படுவது, மலம் மிதப்பது, அடக்க முடியாத அவசரம் ஆகியவை இம்மருந்தில் சாதாரணம். உண்ட கொழுப்பின் அளவைப் பொறுத்து அவை கூடும், குறையும். ஆகவேதான் மொத்தக் கலோரியில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், அதையும் மூன்று வேளைக்கும் பிரித்து உண்ண வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. 1500 கலோரி உணவில் அது நாளுக்கு 50 கிராம், வேளைக்குச் சுமார் 16 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே ஏறக்குறைய 14 கிராம் கொழுப்பு இருக்கிறது.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத் தெருக்களில் மாலையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலக்கப்படுவதைப் பார்த்தால் இந்த 16 கிராம் என்பது எவ்வளவு குறைவு என்று புரியும். நூடுல்ஸின் மேல் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் விழுகின்றன. பொரித்த வெங்காயம் ஒரு கைப்பிடி. அடுத்துக் கரண்டியில் பூண்டு எண்ணெய். பின்பு எண்ணெயில் பொரித்த பேஜோ என்ற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைகிறார்கள். அருகில் வைக்கும் முட்டை மசாலாவிலும் அதே பூண்டு எண்ணெய்தான். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்த அருமையான உணவு அது. ஆனால் இரவு எட்டு மணிக்கு அதை உண்டு, அதோடு கேப்சூலையும் விழுங்கியவர், மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டமான மெட்ரோ ரயிலில் நிற்க விரும்பமாட்டார். அதனுடன் தரும் வாழைத்தண்டு சூப்பினால் கேப்சூலுக்குச் சிக்கல் ஏதும் இல்லை. காசிமேட்டிலிருந்து வரும் மீனும் அப்படித்தான்: குழம்பில் போட்டால் பெரும்பாலும் பொருந்தும், தோசைக்கல்லில் எண்ணெய் மிதக்க வறுத்தால் பொருந்தாது. தங்கசாலைத் தெருவின் கச்சோரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஊசிகளின் பாதை வேறு. அவை குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல நடந்து, மூளைக்கு நிறைவுணர்வைத் தந்து, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகின்றன. பசியே குறைந்துவிடுவதால் சோறானாலும் எண்ணெயானாலும் உண்ணும் மொத்த அளவு குறைகிறது. சோற்றால் எடை ஏறிய வடசென்னைக்காரருக்குக் கேப்சூலைவிட ஊசி பொருத்தமாக இருப்பதற்கு இதுவே காரணம். எண்களிலும் இடைவெளி பெரிது. 2021-இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது; 2022-இல் வெளியான ஆய்வில் டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரங்களில் 20.9 சதவீதம் குறைத்தது. ஆர்லிஸ்டாட்டுக்கு சுவீடனில் 3305 பேரிடம் நான்கு ஆண்டுகள் நடந்து 2004-இல் வெளியான ஆய்வே பெரிய சான்று. அதில் உணவு, நடை ஆகிய மாற்றங்களுடன் கேப்சூல் எடுத்தவர்கள் 5.8 கிலோவும், அதே மாற்றங்களுடன் வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 3 கிலோவும் குறைந்திருந்தார்கள். ஆக, கேப்சூலின் சொந்தப் பங்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. ஆனாலும் அந்த ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 37 சதவீதம் குறைந்தது என்பதை நான் சிறியதாக நினைக்கவில்லை. சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டிய ஊர் இது.

ஊசியின் குறைகளும் லேசானவை அல்ல. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வருகின்றன. பித்தப்பைக் கற்களும் அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். தமக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு அது கூடவே கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்ததையும் ஆய்வு காட்டியிருக்கிறது. பணமும் ஒரு தடை: 2025 மார்ச்சில் இந்தியாவில் மௌஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைடு அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ஒன்றின் விலை 3,500 ரூபாய். அது ஒரு வாரத்துக்குத்தான். இருப்பு ஊசிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது, மே மாதத்தில் மின்சாரம் போய்ப்போய் வரும் தெருக்களில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பொடிகளைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. சிபுட்ரமின் என்ற பசி குறைக்கும் மருந்து, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்த பின் 2011-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 'முழுக்க மூலிகை' என்று விற்கப்படும் மெலிவுப் பொருள்களில் அதே சிபுட்ரமின் மறைமுகமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஒரு பொடி வேகமாக வேலை செய்து, கூடவே படபடப்பும் தூக்கமின்மையும் கொடுத்தால், அதில் மூலிகை மட்டும்தான் இருக்கிறது என்று நம்பாதீர்கள். டப்பாவோடு மருத்துவரிடம் செல்லுங்கள். 'இயற்கை' என்பதே தகுதி என்றால் ஆர்லிஸ்டாட்டும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரி தரும் ஒரு பொருளிலிருந்து பிறந்ததுதான்.

எனவே உண்மையான போட்டி கேப்சூலுக்கும் ஊசிக்கும் இடையில்தான். இரண்டுமே, பொதுவாக உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கேற்ற எடையின் அளவுகோல்) 30-ஐத் தொட்டவர்களுக்கும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சேர்ந்து 27-ஐத் தாண்டியவர்களுக்கும் உரியவை. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 27 என்பது சுமார் 69 கிலோ, 30 என்பது சுமார் 77 கிலோ. கல்யாணத்துக்கு முன் நான்கு கிலோ குறைக்க விரும்புபவருக்கு இரண்டும் தேவையில்லை.

கேப்சூலைத் தேர்ந்தவருக்குப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் நேரக் கணக்குதான். அதை உணவோடு, அல்லது உண்டு ஒரு மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். உணவைத் தவிர்த்தாலோ அந்த வேளையில் கொழுப்பே இல்லாவிட்டாலோ கேப்சூலும் வேண்டாம். ஏ, டி, ஈ, கே ஆகிய கொழுப்பில் கரையும் வைட்டமின்களையும் அது தடுப்பதால், மல்டிவைட்டமின் மாத்திரை ஒன்றை இரவுக் கேப்சூலுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுப்பது வழக்கம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி என்று வாழ்பவருக்கு இது இடிக்கும். ஆனால் இட்லி சாம்பாரில் கொழுப்பு குறைவு என்பதால், காலைக் கேப்சூல் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டு விட்டுவிட்டால் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். பொங்கலும் வடையும் என்றால் கதை வேறு.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசெனோகூமராலோ வார்ஃபரினோ எடுப்பவர்களிடம் இம்மருந்து மிகக் கவனமாகத் தொடங்கப்பட வேண்டும். வைட்டமின் கே குறையும்போது ரத்தம் உறையும் அளவு மாறும் என்பதால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரைகள், எச்.ஐ.வி. கூட்டு மருந்துகள், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன், சிறுநீரகம் மாற்றியவர்களின் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் பலனையும் அது குறைக்கக்கூடும். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கும் நோயாளிக்கு எடை குறையக் குறைய, பழைய அளவே தாழ்சர்க்கரையைக் கொண்டுவரலாம்; அந்த மாத்திரையை எடை குறைக்கும் ஊசியோடு சேர்த்தாலும் இதே அபாயம் உண்டு. கடும் பேதி ஆனால் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. கர்ப்பிணிகளும், பித்தநீர் தேங்கும் நோயோ உணவு உறிஞ்சப்படாத நாள்பட்ட நோயோ உள்ளவர்களும் கேப்சூலைத் தொடவே கூடாது. இத்தனை கேள்விகளை மருந்துக்கடைக் கவுண்ட்டரில், 'அண்ணே, உடம்பு குறைய ஒரு அட்டை கொடுங்க' என்ற ஒரே வாக்கியத்தில் தீர்க்க முடியாது. பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் வரிசையில் நின்றால் செலவில்லாமல் தீர்க்கலாம்.

60 மி.கி.யா, 120 மி.கி.யா என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 60 மி.கி. சுமார் 25 சதவீதக் கொழுப்பைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2007 முதல் அது மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. வயிற்றுத் தொல்லைக்கு அஞ்சுபவர்கள் அதில் தொடங்குவது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் பாதி மருந்தில் பலன் பாதியாகிவிடுவதில்லை. இசப்கோலை உடன் சேர்த்தபோது தொல்லை குறைந்ததாகவும் ஆய்வு உண்டு.

அரிதாகக் கடுமையான கல்லீரல் பாதிப்பு பதிவாகியதால் 2010-இல் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பு மாற்றப்பட்டது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, தீராத அரிப்பு, பசி அறவே போவது ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடலில் தங்கும் கொழுப்பு, உணவிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பை அதிகம் உறிஞ்சவைப்பதால் சிறுநீரகக் கல்லும் வரலாம். ஏற்கெனவே கல் வந்தவர்களும், வெயிலில் நின்று தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவர்களும் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேப்சூல் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பன்னிரண்டு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். தொடக்க எடையில் 5 சதவீதமாவது, அதாவது 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோவாவது குறையாவிட்டால் தொடர்வதில் பொருளில்லை. அப்போது ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அளவைத் தாமாகக் கூட்டுவதில் பயன் இல்லை: வேளைக்கு 120 மி.கி.க்கு மேல் போனால் கூடுதலாக எதுவும் குறைவதில்லை.