பழைய காருக்கு இண்டிகேட்டர் போடப் போய் 38,500 ரூபாய் போச்சு, பார்த்து இருங்க

கோபம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம்னு இருந்தேன். நாலு நாளாச்சு, அடங்கல. பழைய வண்டி வெச்சிருக்கிற யாராவது ஒருத்தராவது தப்பிக்கட்டும்னு எழுதறேன். வேலைக்கு விடும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

வண்டி மோரிஸ் மைனர், 1955 மாடல், 803 சிசி. முன்கண்ணாடி நடுவுல பட்டை வெச்சு ரெண்டா இருக்குமே, அதுதான். அப்பா பென்னாகரத்துல ஒரு டாக்டர்கிட்ட வாங்கினது. மின்னுற இண்டிகேட்டர் இதுல கிடையாது. கதவுத் தூண்ல ஒரு சந்து இருக்கும். ஸ்விட்சைத் திருப்பினா அதுக்குள்ள இருந்து ஒரு சின்னக் கை, ரயில்வே கைகாட்டி மாதிரி, டக்குனு வெளிய நீட்டும். உள்ள 3 வாட் பல்பு. டிராஃபிகேட்டர்னு பேரு, லூகாஸ் கம்பெனி சாமான். மைனர்ல 1961 வரைக்கும் இதுதான் வந்தது. சின்ன வயசுல அந்தக் கை நீட்டறதைப் பார்க்கிறதுக்காகவே நானும் தம்பியும் தெருமுனை வரைக்கும் வண்டி பின்னாடியே ஓடுவோம்.

ஆனா இன்னைக்கு ரோட்டுல அது எவனுக்குப் புரியுது? போன மாசம் தர்மபுரி நாலு ரோட்டுல வலது பக்கம் திரும்ப கை நீட்டினேன். பின்னாடி வந்த லாரி அதைக் கண்டுக்கவே இல்ல, உரசிட்டுப் போயிருப்பான். "லைட்டு போடுங்க, இல்லன்னா இனிமே நான் இதுல ஏற மாட்டேன்"னு வீட்டுல சொல்லிட்டாங்க.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஷெட். பேர் வேண்டாம். பழைய கார்களைப் புதுசாக்கறோம்னு ரீல்ஸ் போடுற வகையறா. போய் நின்னதும் அந்த ஆள் என்ன செஞ்சான் தெரியுமா? விலை பேசல. பானெட்டைத் திறக்கல. தூண்கிட்ட குனிஞ்சு, நகத்தால அந்தக் கையை மெதுவா வெளிய எடுத்து, தோள்ல கிடந்த துண்டால தூசியைத் துடைச்சான். "அண்ணா, இதெல்லாம் இனி யாருண்ணா செய்வான்? இதை அப்படியே விட்டுடுவோம். பாடியில ஒரு ஓட்டை போட மாட்டேன்"னு சொன்னான். அந்தத் துண்டுலதான் நான் விழுந்தேன். அங்கேயே 20,000 ஜிபே பண்ணேன். எஸ்டிமேட் பேப்பர் கேட்கல. டீ வேற வாங்கிக் கொடுத்தான்.

அஞ்சு நாள்னு சொன்னது பத்தொன்பது நாளாச்சு. மீதி 18,500 கொடுத்தாத்தான் சாவின்னு சொன்னான், கொடுத்தேன். ஆக மொத்தம் 38,500. சாயங்கால வெளிச்சத்துல வண்டியைச் சுத்திப் பார்த்தேன். முன் மட்காடு ரெண்டுலயும் துளை போட்டு பைக் இண்டிகேட்டர் மாட்டியிருக்கு. கதவுத் தூண்ல கையை வெச்சுத் தடவினேன், வழுவழுன்னு இருந்துச்சு. அந்தச் சந்துல பட்டி பூசி அடைச்சுப் பெயின்ட் அடிச்சிருக்கான்! கை எங்கடான்னு கேட்டா, "அது ஓடலண்ணா, பழைய இரும்போட போயிடுச்சு"ங்கறான். துடைச்சு வெச்சானே, அதே கை.

வாக்குவாதம் பண்ணிட்டு இருட்டறதுக்குள்ள வீடு சேரலாம்னு கிளம்பினேன். பைபாஸ் ஏறி மூணாவது கியர்ல ஆக்ஸிலேட்டரை மிதிச்சு ஒரு கிலோமீட்டர் இருக்காது, டேஷ்போர்டுக்கு அடியில இருந்து புகை. ரப்பர் எரியிற நாத்தம். குதிச்சு இறங்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கினதால வண்டி மிஞ்சிச்சு. ரெக்கவரி வண்டிக்கு 4,500 தனி.

நம்ம ஊர்ல ஒரு வயசான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். இந்த வண்டிக்குப் பாசிட்டிவ் எர்த்து, அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியோட சேர்ந்திருக்கும். ஷெட்டுக்காரன் மாட்டின எலெக்ட்ரானிக் ஃப்ளாஷர், அதான் இண்டிகேட்டரை மினுக்க வைக்கிற சாமான், நெகட்டிவ் எர்த்துலதான் வேலை செய்யும். அதுக்காக பேட்டரியைத் திருப்பி மாட்டிட்டான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சரி, திருப்பினவன் பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோவுக்கும் துருவத்தை மாத்தியிருக்கணும். எஃப் டெர்மினல் ஒயரைக் கழட்டிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை அந்த டெர்மினல்ல ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சது, ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யல. வேகம் எடுத்ததும் டைனமோவை பேட்டரியோட இணைக்கிற கட்-அவுட் ஸ்விட்ச் சேர்ந்துச்சு, டைனமோவும் பேட்டரியும் ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்காம ஒரே பக்கமா தள்ளி ஒயரைப் பொசுக்கிடுச்சு. ஃபியூஸ் இருக்கிற இடத்துல சிகரெட் அட்டைத் தாள் சுத்தியிருந்துச்சு, அது தனிக் கதை.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, வேலை ரொம்பச் சின்னது. முன்னாடி பார்க்கிங் லைட்டுக்குள்ளயே ரெண்டு இழை வர்ற 21/5 வாட் பல்பு போடலாம், பின்னாடி பம்பர் பிராக்கெட்டுல ஆரஞ்சு லைட்டு. ஒரு பக்கத்துக்கு ரெண்டு 21 வாட், மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். பழைய சூடேறி வெட்டுற ஃப்ளாஷருக்கு எந்த எர்த்தும் ஒண்ணுதான். ஓட்டை வேண்டாம், கையும் பொழைச்சிருக்கும்.

ஷெட்டுக்கு ஃபோன் பண்ணேன். "மெக்கானிக் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருக்கான்." மறுநாள், "திங்கக்கிழமை வண்டியைக் கொண்டாங்க." எரிஞ்ச வண்டியை எப்படிடா ஓட்டிட்டு வர்றது? திங்கக்கிழமை, "பழைய வண்டின்னா அப்படித்தாண்ணா, நீங்க ஆக்ஸிலேட்டரை அதிகமா மிதிச்சிருப்பீங்க." அதுக்கப்புறம் வாட்ஸாப்ல நீலக் கோடு விழுது, பதில் இல்ல. நேத்து நேர்ல போனேன். அதே துண்டு, வேற யாரோ கொண்டாந்த ஃபியட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தான். பில் கேட்டதுக்கு, "பில்லா? அப்போ ஜிஎஸ்டி சேர்த்துக் கொடுங்க"ங்கறான். 38,500 வாங்கினவன்!

விவரமா எழுதறேன்னு சொன்னேன், கை ஓடல. அவசரமா நாலு வார்த்தை. எர்த்து எந்தப் பக்கம்னு அவனாக் கேட்கலன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க. கழட்டற சாமான் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, திரும்பக் கொடுப்பேன்னு எழுதி வாங்குங்க. ஃபியூஸ் பெட்டியை உங்க கண்ணால பாருங்க. பில் இல்லாம காசு போடாதீங்க. என்கிட்ட இருக்கிறது ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் அவன் பேசின வாய்ஸ் மெசேஜும்தான். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசியாச்சு. அஞ்சு லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் இல்லையாம், இந்த வாரமே மனு போடறேன்.

அந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைகள்ல யாருக்காவது பழக்கம் இருந்தா கொஞ்சம் விசாரிங்க. ஒரு ஜோடி லூகாஸ் டிராஃபிகேட்டர், இடது கைல பிளாஸ்டிக் நுனியில ஒரு சின்ன வெடிப்பு இருக்கும். தம்பி கல்லால அடிச்சது. யார்கிட்ட இருந்தாலும் சொன்ன விலைக்கு வாங்கிக்கறேன்.